தகனினியில் நான்கு நிமிடம்

குலசிங்கம் அண்ணையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கள் ஆட்கள் எல்லோரும் கோலாலம்பூரில்தான் தொடங்குவார்கள். மெர்டேக்கா ஸ்டேடியம், நிரம்பி வழிந்த சனம், எண்பத்தெட்டாவது நிமிடம், வலப்பக்க மூலையிலிருந்து அவர் அடித்த அந்தக் கோல். சொல்பவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆகவே நான் பாபகூரா ரயில் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த ஸ்டேடியத்தில் அவர் ஓடியதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இரண்டு நாள் வராது. ரயிலில் அவர் நின்றது பத்து வருடம்.

1986இல் அவருக்கு ஐம்பது வயது. நியூசிலாந்தில், பாபகூராவுக்கும் ஓக்லாந்து நகரத்துக்கும் இடையில் ஓடும் வண்டியில் கார்டு. டிக்கெட்டில் ஓட்டை போடுவார், ஸ்டேஷன் பெயரைக் கூவுவார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி முடிந்ததும் விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டுவார். அவர் கொடி காட்டினால்தான் வண்டி நகரும். வலது முழங்கால் பாதிதான் மடங்கும் என்பதால் படியில் இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றக் காலை ஏதோ சாமானைத் தூக்குவதுபோலத் தூக்கி வைப்பார். ஒரு நாளில் எத்தனை ஸ்டேஷன், எத்தனை தரம் இந்தக் கூத்து என்று நான் ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். பார்க்கிற எனக்கே களைத்துப் போயிற்று.

நான் வந்தது 1984இல். கொழும்பில் வங்கிக் காசாளராக இருந்தவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டைவிட்டு ஓடும்போது மனைவியின் நகைப் பெட்டியை விட்டுவிட்டு என் சேர்ட்டிபிக்கட் பைலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புஷ்பவதி இதை இன்றும் சொல்லிக் காட்டுவாள். ஓக்லாந்தில் அந்தப் பைலைத் திறந்து பார்க்க ஒருவனும் இல்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனேன். போகும் வண்டியில் ஒரு நாள் கார்டு என் டிக்கெட்டை வாங்கி, முகத்தைப் பார்த்து, "தமிழா, தம்பி?" என்றார். ஓம் என்றேன். அடுத்து எங்கள் ஆட்கள் எவராயிருந்தாலும் எந்த ஊர், யாருடைய மகன் என்றுதான் கேட்பார்கள். இவர், "பந்து ஆடுவியா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கோல் கீப்பராக நின்றிருக்கிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமையே என்னைக் கோலுக்குள் நிறுத்திவிட்டார்.

அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குப் போனவர். அப்பாவும் ரயில்வேயில் கிளார்க். அவர் பிறந்தது கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வே குவார்ட்டர்ஸில். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. பேச்சில் மலாயாப் பழக்கத்தில் வசனத்துக்கு வசனம் 'லா' போடுவார், எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவருடைய பெயரைப் பிறரிடம் சொல்லும்போது மட்டும் 'எங்கட ஆள்' என்பார்கள். ஒன்பது வருடம் நாட்டுக்காக ஆடினார். பத்திரிகைகள் அவருக்கு 'செந்தூல் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தன. அறுபத்தாறில் மழையில் நடந்த ஒரு ஆட்டத்தில் முழங்கால் திரும்பிவிட்டது. இடைவேளையில் ஊசி போட்டு மறுபடி இறக்கினார்கள். "ஊசி போட்டா வலி தெரியாது தம்பி," என்பார். "ஆனா வலி எங்கயும் போயிடாது. மைதானத்துக்கு வெளிய நின்னு காத்துக்கிட்டு இருக்கும் லா."

அதற்குப் பிறகு நாலு வருடம் ஒரு மாநில அணிக்குக் கோச். ஒரு அரையிறுதியில் தோற்றார்கள். மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டியபோதுதான் தன்னை நீக்கிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிய வந்தது. மனைவி பத்மாவதி தாதி. அவவுக்கு ஓக்லாந்தில் வேலை கிடைத்தது, எழுபத்தாறில் அவவின் பின்னால் இவரும் வந்தார். ரயில்வேயில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அப்பன் தொழிலுக்கே வந்துட்டேன்," என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு சந்தோஷத்தையும் நான் கண்டதில்லை. இது ரக்பி ஊர், செந்தூல் எக்ஸ்பிரஸை யாருக்குத் தெரியும்?

எங்கள் கிளப் ஒரு கலவை. ஏழு தமிழர், இரண்டு பிஜிக்காரர், ஒரு மாவோரி பஸ் டிரைவர், மற்ற இடத்துக்கு அன்றைக்கு யார் அகப்படுகிறாரோ அவர். குலசிங்கம் அண்ணை ஒரு சம்பளமும் வாங்காமல் பழக்கினார். சனிக்கிழமைகளில்தான் ஆட்டம், சனிக்கிழமைகளில்தான் அவருக்குப் பெரும்பாலும் டியூட்டி. பாபகூராவில் ஆட்டம் என்றால் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே யூனிபோர்மோடு நொண்டிக்கொண்டு வந்து இருபது நிமிடம் பார்த்துவிட்டுப் போவார். வெளியூர் ஆட்டம் என்றால் அதுவும் இல்லை. நாங்கள் அவருடைய வண்டியிலேயே போவோம். கடைசிப் பெட்டியில் எதிரெதிர் இருக்கை இரண்டில் எங்களை உட்கார வைத்து, ஓட்டை போட்ட பதினொரு பழைய டிக்கெட்டுகளை இருக்கையில் பரப்பி, "இது நீ, இது இவன், இவன் இங்க ஓடுறப்ப நீ அங்க வரணும்," என்று நகர்த்துவார். ஸ்டேஷன் வந்தால் அப்படியே விட்டுவிட்டு இறங்குவார், கொடி காட்டுவார், ஏறி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மாலையில் திரும்பும் வண்டியிலும் அவர்தான் கார்டு. யாரும் வாய் திறக்க முன்பே, நாங்கள் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்து எத்தனை கோல் வித்தியாசம் என்று சொல்லிவிடுவார். மூன்று வருடத்தில் நாங்கள் வெளியூரில் ஆடிய ஒரு ஆட்டத்தையும் எங்கள் கோச் கண்ணால் பார்த்ததில்லை.

அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. முதலாவது, வண்டி யாருக்காகவும் நிற்காது. பிந்தி வந்தவன் அன்று ஆடமாட்டான். பத்மாவதி அக்காவின் சொந்தத் தம்பி பிளாட்போமில் ஓடி வந்துகொண்டிருக்க, அவனைப் பார்த்துக்கொண்டே கொடி காட்டிய மனிதர் அவர். இரண்டாவது, கோல் விழுந்ததற்குக் கீப்பரை ஒருவரும் ஏசக்கூடாது. நான் எத்தனையோ சுலபமான பந்துகளை விட்டிருக்கிறேன். மற்றவர்கள் முறைப்பார்கள். அவர் மட்டும், "பத்துப் பேரைத் தாண்டித்தான் லா பந்து அவன்கிட்ட வருது. முதல்ல அந்தப் பத்துப் பேரைக் கேளு," என்பார்.

எண்பத்தாறில் எங்களுக்கு எப்படியோ அதிர்ஷ்டம் அடித்தது. எமில் என்று ஒரு மன்னார்க்காரன் வந்து சேர்ந்தான். கால் வைத்தால் கோல். செப்டம்பரில் கடைசி ஆட்டம், மவுண்ட் ஆல்பர்ட்டில். வென்றால் மேல் டிவிஷனுக்கு ஏறுவோம். ஏறினால் கார் விற்கிற ஒரு வெள்ளைக்காரர் கிளப்பைப் பொறுப்பெடுத்து, முழுநேரக் கோச் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆளைத் தெரிவு செய்வது எங்கள் கமிட்டியின் வேலை. தலைவர் ஏரம்பமூர்த்தி ஐயா, ஊரில் கல்லூரி அதிபராக இருந்தவர், குலசிங்கம் அண்ணையின் தோளைத் தட்டி, "ஏறினால் அந்த வேலை உங்களுக்குத்தான், அதில ரெண்டாம் கதையே இல்லை," என்றார்.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு தேவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டொக்டர் இனி நின்று செய்கிற வேலை கூடாது என்று சொல்லி எட்டு மாதமாகிவிட்டது. பத்மாவதி அக்கா ஒருநாள் என்னிடம், "வீட்டுக்கு வந்தா சப்பாத்தக் கழட்டக்கூட நான்தான் குனியணும், செல்வரத்தினம். அவரோட முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கு. ஒரு வருஷமாச்சும் அவரு உக்காந்து சம்பளம் வாங்கட்டும்," என்றா. அவ எதையும் யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பாபகூராவில் பத்துப் பேர் ஏறினோம். எமில் தகனினியில் ஏற வேண்டும், அதுதான் அடுத்த ஸ்டேஷன். அங்கே ஒரு மரக்கறிக் கொட்டகையில் சனிக்கிழமை அரைநாள் வேலை செய்தான். வண்டி நின்றது. எமிலைக் காணவில்லை. சனிக்கிழமைகளில் ஓடுவதே நாலைந்து வண்டிதான், அடுத்ததில் வந்தால் ஆட்டம் பாதி முடிந்திருக்கும். குலசிங்கம் அண்ணை இறங்கி நின்றார். விசில் வாயில், கொடி கையில். நான் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்தேன். தூரத்தில், ரோட்டின் அந்த முனையில், பையைத் தூக்கிக்கொண்டு எமில் ஓடி வந்துகொண்டிருந்தான்.

"அண்ணை, எமில் வாறான்! பிடியுங்கோ, வண்டியைப் பிடியுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொடி பாதி உயர்ந்துவிட்டது. "அண்ணை, உங்கட வேலை அண்ணை! உங்களுக்காகத்தான் கேக்கிறன்!" என்று நான் மறுபடி கத்தினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொடி இறங்கியது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். எஞ்சினிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்துக் கையை விரித்தார். எமில் வந்து ஏற நான்கு நிமிடம் பிடித்தது. அந்த நான்கு நிமிடமும் அவர் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, தன்னுடைய முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பிய பிறகு டிக்கெட்டுகளைப் பரப்பவும் இல்லை. "தெரிஞ்சதை ஆடுங்க," என்று மட்டும் சொன்னார்.

நகரத்தில் இறங்கி மவுண்ட் ஆல்பர்ட் போகும் வண்டிக்கு மாற வேண்டும். நாங்கள் ஓடிப் பிடித்தோம். அதே வண்டியில் வந்த ஒரு வயதான வெள்ளைக்காரியால் ஓட முடியவில்லை, அவவின் முன்னாலேயே அந்த வண்டி போய்விட்டது. அவ ரயில்வேக்குக் கடிதம் எழுதினா. கறுத்த கார்டு, நொண்டுகிறவர், தன் சிநேகிதர்களுக்காக வண்டியை நிறுத்தி வைத்தார் என்று உள்ளதை உள்ளபடி எழுதினா. அவவில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். இரண்டும் எமில் போட்டது. மாலை வண்டியில் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினோம். குலசிங்கம் அண்ணை கதவடியில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்து, "ஒரு கோல் வித்தியாசம். கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க," என்றார். பிறகு யாருமில்லாத இருக்கை ஒன்றில் உட்கார்ந்தார். டியூட்டியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த ஸ்டேஷன் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஒக்டோபரில் விசாரணை வைத்தார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "நிறுத்தணும்னு தோணுச்சு," என்று சொல்லியிருக்கிறார். என் பெயரையோ எமில் பெயரையோ எடுக்கவில்லை. கார்டு வேலையிலிருந்து எடுத்து, பாபகூரா யார்டில் பெட்டி கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரம்பமூர்த்தி ஐயாவின் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் கமிட்டி கூடியது. நாங்கள் ஐந்து பேர். ஐயா, செயலாளர் தவராசா, பொருளாளர் றொபேட், விளையாடுகிறவர்கள் சார்பில் எமிலும் நானும். கோச் வேலைக்கு இரண்டு விண்ணப்பம். ஒன்று இங்கிலாந்துக்காரர் ஒருவருடையது. டைப் அடித்த மூன்று பக்கம், பின்னால் முத்திரை குத்திய நாலு சேர்ட்டிபிக்கட்டின் போட்டோ பிரதி. மற்றது குலசிங்கம் அண்ணையின் கையெழுத்தில் அரைப் பக்கம். நாட்டுக்காக ஒன்பது வருடம் ஆடினேன், மூன்று வருடமாக உங்களைப் பழக்குகிறேன், இந்த வேலையைத் தரவும் என்று எழுதி ஒப்பம் வைத்திருந்தார்.

ஐயா கண்ணாடியைப் போட்டு இரண்டையும் வாசித்தார். அரைப் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இதில ஒரு சேர்ட்டிபிக்கட்டும் இணைக்கேல்லையே," என்றார்.

"ஐயா, அந்த மனுசன் நாட்டுக்கு விளையாடினது!" என்றான் றொபேட்.

"நானும் அதைத்தான் கேள்விப்பட்டனான். அதுக்கு அத்தாட்சி என்ன?"

"பத்மாவதி அக்காட்டை அல்பம் முழுக்கப் பேப்பர் வெட்டி ஒட்டி வச்சிருக்கிறா."

"பேப்பரில ஆயிரம் போடுவாங்கள் தம்பி. நாளைக்கு அந்தக் கார் விக்கிற வெள்ளைக்காரன் வந்து உங்கட கோச்சின்ர தகைமை என்ன எண்டு கேட்டால் அல்பத்தையோ காட்டுறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அதோட, வேலையில ஒழுங்கில்லை எண்டு றெயில்வேயே தண்டிச்ச ஆள். எங்கட பெயரும் கெட்டுப்போகும். என்ன இருந்தாலும் மலாயாக்காரர்தானே," என்றார்.

எமில் எழுந்துவிட்டான். "எனக்காகத்தான் ஐயா அவர் வண்டியை நிப்பாட்டினவர். உங்களுக்குத் தெரியாதே?" என்று கேட்டான். ஐயா கை உயர்த்தச் சொன்னார். இங்கிலாந்துக்காரருக்கு ஐயாவும் தவராசாவும். குலசிங்கம் அண்ணைக்கு றொபேட்டும் எமிலும். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வண்டியைப் பிடியுங்கோ என்று கத்தியவன் நான். அதை அந்த அறையில் அந்த நேரம் சொல்லியிருக்கலாம். மேசையில் கிடந்த அந்த நாலு சேர்ட்டிபிக்கட்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் வடிவாக, முத்திரை நேராக இருந்தது. என் வீட்டு அலுமாரியில் அதைவிட நல்ல முத்திரையோடு ஏழு இருக்கிறது. சேர்ட்டிபிக்கட் இல்லாமலே ஒருவர் பெரிய ஆளாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், நகையை எறிந்துவிட்டு நான் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்? இந்த நியாயத்தையெல்லாம் பிறகுதான் கண்டுபிடித்தேன். அன்று எனக்கு இருந்தது பயம். ஐயா முன்னால் நான் மறுபடி பள்ளிக்கூடப் பையனாகிவிட்டேன். தவராசாவின் பக்கம் கையை உயர்த்தினேன். எமில் தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனான். இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் பாபகூரா ஸ்டேஷனில் முன்பெட்டியில் ஏறினேன். பின்பெட்டியின் பக்கம்தான் யார்டு. ஏப்ரலில் ஒரு காலை, பிந்தி ஓடி வந்ததில் கடைசிப் பெட்டிதான் அகப்பட்டது. மூச்சு வாங்க உட்கார்ந்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் பூட்ஸும் கையில் தண்ணீர்க் குழாயுமாக அவர். அந்த ஐந்து மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. குழாயைக் கீழே வைத்துவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஜன்னலடிக்கு வந்தார். குளிரில் விரல்கள் வெளுத்திருந்தன.

"புது கோச் எப்படி, தம்பி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை அண்ணை."

"நீ எப்பவும் வலப்பக்கமே பாயுறே. அதை அவர் கவனிச்சாரா?"

"இல்லை அண்ணை."

"கவனிக்கச் சொல்லு லா. எதிராளி கண்டுபிடிச்சிட்டான்னா கஷ்டம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணை, அந்தக் கமிட்டியில நான்..." என்று தொடங்கினேன். அவர் ஈரக் கையை உயர்த்தினார்.

"தெரியும். அடுத்த நாளே பிரின்சிபல் ஐயா போன்ல சொல்லிட்டாரு. ரெண்டு ரெண்டா நின்னுச்சு, கடைசில உன்கிட்ட வந்துச்சுன்னு. பத்மா ரொம்பக் கோவப்பட்டா. நான்தான் சொன்னேன், அவன் கீப்பர். பத்துப் பேரைத் தாண்டித்தான் பந்து அவன்கிட்ட வருது, அவனை ஏசாதேன்னு."

சொல்லிவிட்டு அதே சந்தோஷமில்லாத சிரிப்பைச் சிரித்தார். புதுக் கார்டு விசில் ஊதினான். ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் வண்டி எடுத்தது. அவர் குனிந்து குழாயை எடுப்பதற்குள், அவ்வளவு நேரம் பிடித்தது அந்தக் காலுக்கு, வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

அவர் ஏசியிருக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது எல்லாக் கோலுக்கும் சரியாக இருக்கலாம், அன்றைக்குச் சரியில்லை. அன்று பந்து மெதுவாக, நேரே என் கைக்குத்தான் வந்தது. நான்தான் விட்டேன்.